இரண்டாவது டாங்கி

ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இரண்டாவது பெட்ரோல் டாங்கியைப் பொருத்தி முடித்த அன்றுதான் அந்தக் குடைக்காரர் அம்பத்தூரில் முதன்முதலாகத் தென்பட்டார்.

அவரை ஜீப்பின் சொந்தக்காரர் கோதண்டம் பார்க்கவில்லை. பார்த்தவர் மெக்கானிக் உஸ்மான் கனி. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவரின் கண்ணில் பட்டது ஒரு ஜோடி கறுப்புச் செருப்பும், பக்கத்தில் ஊன்றிய குடையின் நுனியும்தான்.

"இன்னா கேட்டான் பாய்?" என்றார் கோதண்டம்.

"வண்டி ஒரே மூச்சுல எவ்ளோ தூரம் ஓடும்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"ஓட்டறவருக்குத்தான் தெரியும், நான் படுத்துகினு கீறவன்னு சொன்னேன்."

கோதண்டம் பின்சீட்டை இழுத்து மூடினார். யுத்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அவருடைய கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலில் பூந்தமல்லி வரை போகலாம். திரும்பி வரத் தள்ள வேண்டும். ஆனால் அவருடைய ஜீப்பில் இப்போது இரண்டு டாங்கிகள். இரண்டும் நிறைந்திருந்தன. எப்படி நிறைந்தன என்று அவரும் யாரிடமும் சொல்லவில்லை, ஊற்றிய லாரிக்காரனும் சொல்லவில்லை. பிடிபட்டால் வண்டி போய்விடும். கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும்.

கோதண்டத்துக்குச் செங்கல் சூளை. யுத்த காலத்தில் ஆவடியில் எழும்பிய கட்டடங்களுக்குக் கல் அனுப்பப் போன இடத்தில், எகிப்து மணலில் வண்டி ஓட்டிவிட்டு வந்த ஒரு சிப்பாய் அவரிடம் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டான். அன்றைக்குப் பிடித்தது. ராணுவம் ஜீப்புகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்தார். குடும்பத்தோடு ராஜபுதனப் பாலைவனத்துக்குப் போய் வருவதென்று முடிவு செய்தார்.

"மனுசனாப் பொறந்தா ஒரு தபாவாவது மண்ணத் தவிர ஒண்ணும் இல்லாத எடத்தப் பாக்கணும்" என்றார் மனைவி தாட்சாயிணியிடம்.

"ஏன், நம்ம சூளையில இன்னா மல்லிப்பூவா கொட்டிக் கெடக்குது?" என்றாள் அவள்.

ஆனாலும் ஜீப் மாறிக்கொண்டே வந்தது. முன்சீட்டுக்குப் பின்னால் இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்கள். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் போட, பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பட்டை அடித்த பலகைகள். எஞ்சினுக்குள் தூசி போகாமலிருக்க நீளமாக ஒரு குழாய். அம்மிக்கல்லுக்கு இடம் இல்லையென்றால் வரமாட்டேன் என்று தாட்சாயிணி சொன்னதால் பின்புறம் அதற்கும் ஒரு சட்டம். உஸ்மான் கனி அந்தச் சட்டத்தை இரண்டு முறை வளைத்துப் பார்த்துவிட்டு, "யம்மா, மிலிட்டரிக்காரன் பீரங்கி வெச்ச எடம் இது" என்று முணுமுணுத்தார்.

இந்த வண்டியால் மகள் வடிவுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. பெண்ணின் அப்பன் பீப்பாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மணல் பார்க்கப் போகிறான் என்றால் எந்தச் சம்பந்தி நிற்பான்? இப்போது மூன்றாவதாக நெமிலிச்சேரியில் ஒரு இடம். பையன் பெயர் ஆனந்தன். வீட்டில் ஒரு லாரி ஓடியது; பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து வரும் கேஸில் இருமிக்கொண்டு ஓடியது. பையனை வடிவு பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்திருந்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சு வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். கதவை மட்டும் திறந்தே வைத்திருப்பாள். இந்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் வந்து விசாரிப்பார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"குடைக்காரரு அந்த ஊட்டு ஆளா இருக்கப்போறாரு" என்றாள் தாட்சாயிணி.

"மாப்பிள்ளை ஊட்டு ஆளு பொண்ணப் பத்தி கேப்பானா, வண்டியப் பத்தி கேப்பானா? இவன் பெட்ரோல் ஆபீசருதாம்மே. நடையே சர்க்கார் நடை."

"நீங்க எங்க பாத்தீங்க அந்த நடைய?"

"பாய் பாத்தாரு."

"பாய் பாத்தது செருப்ப."

கோதண்டம் எழுந்து வாசலுக்குப் போனார். உடனே இரண்டு வண்டி வைக்கோலை இறக்கி, ஜீப்பின் மேல் போர் போட்டு மூடினார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலையில் தெருவிலிருந்த மாடுகளெல்லாம் அங்கே இருந்தன. பத்து மணிக்குத் தூசிக் குழாய் தெரிந்தது. பதினொரு மணிக்கு இரண்டு விளக்குகளும் வெளியே வந்து தெருவைப் பார்த்தன. பன்னிரண்டு மணிக்குக் குடைக்காரர் வந்தார்.

"இந்த ஊர்ல வைக்கோல்போர்ல பெட்ரோல் வாசனை வருமா?" என்று கேட்டார்.

போரின் மறுபக்கத்தில் பதுங்கியிருந்த கோதண்டம் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பதில் சொன்னது எதிரே மோர் விற்கும் வேம்புலியம்மாள். "அது மாட்டுக்கு மருந்து ஊத்தினது சாமி."

அவர் தலையசைத்துவிட்டுக் குடையின் நுனியால் வைக்கோலைக் குத்திப் பார்த்தார். 'டங்' என்று கேட்டது. சிறிய நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கோதண்டம் வீடு வீடாகப் போய் ஒரே வார்த்தையைச் சொன்னார்: யார் வந்து கேட்டாலும் கோதண்டம் என்று ஒருவரைத் தெரியாது.

தெருவே அவருக்காக மனதாரப் பொய் சொன்னது. மறுநாள் குடைக்காரர் நான்கு வீடுகளில் கேட்டார். முதல் வீட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டில் இருந்தார், ரங்கூனுக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், 'கோ' என்று முத்திரை குத்திய செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார்.

வேம்புலியம்மாள்தான் எல்லோரையும் மிஞ்சினாள். "அவரா? அவர் செத்துப்பூட்டு மூணு வருசம் ஆவுது சாமி. நல்ல மனுசன். பொண்டாட்டி புள்ள ஒண்ணும் இல்ல."

"பெண் ஒண்ணு இருக்கிறதா சொன்னாங்களே?"

"இல்லவே இல்ல. நான் கற்பூரம் அணைச்சு சொல்றேன். வெயில்ல அலையறீங்க, ஒரு வாய் மோர் குடிங்க."

"வேண்டாம்மா. இந்த விஷயம் முடியற வரைக்கும் இந்தத் தெருவில நான் எதையும் வாயில வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

இதை வேம்புலியம்மாள் பெருமையோடு வந்து ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த தாட்சாயிணியின் கையிலிருந்து முறம் விழுந்தது.

"கை நனைக்க மாட்டேன்னாரா?"

"ஆமாங்க்கா."

"விசயம் முடியற வரைக்கும்னாரா? பொண்ணு கீதான்னு கேட்டாரா?" தாட்சாயிணி தலையில் கை வைத்தாள். "அடப் பாவிங்களா! சம்பந்தம் முடியாம பொண்ணு கொடுக்கறவங்க தெருவுல யாரு கை நனைப்பாங்க? அது மாப்பிள்ளை ஊட்டு ஆளுதான்! எம் பொண்ணு பொறக்கவே இல்லன்னு கற்பூரம் அணைச்சிட்டு வந்து நிக்கறியே!"

அடுப்படிக்குள் ஒரு சொம்பு உருண்டது. பிறகு வடிவு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கோதண்டம் அப்போதும் முழுதாக நம்பவில்லை. "அவனையே நேரா கேட்டுட்டா இன்னா?"

"விசாரிக்க வந்தவர நீ யாருன்னு கேப்பாங்களா? அதுக்கு நம்மளே வேணாம்னு சொல்லிடலாம். ஒண்ணும் தெரியாத மாதிரி கூப்ட்டு, ஒளிக்காம அல்லாத்தையும் காட்டுங்க. ரெண்டு நாளா ஒளிச்சு வெச்சு சந்தேகத்த நீங்கதான் கெளப்பி வுட்டீங்க."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் குடை தெருமுனையில் தெரிந்ததும் கோதண்டம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எதிரே ஓடினார்.

"வாங்க, வாங்க! நான்தான் கோதண்டம்."

"ரங்கூன்ல இருந்து எப்ப வந்தீங்க?" என்றார் குடைக்காரர்.

"அதெல்லாம் தெருக்காரங்க வெளாட்டு. நம்ம ஊட்டப் பாருங்க, வண்டியப் பாருங்க. நமக்கு ஒளிவுமறைவே கெடையாது." மிச்சமிருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளி எறிந்தார். "இதான் ஜீப்பு. ஊருல எவன் கிட்டயும் இல்ல."

"வீட்ல மொத்தம் எத்தனை பேர்?"

கோதண்டம் அடுப்படிப் பக்கம் வெற்றிப் பார்வை ஒன்றை வீசினார். "மூணே பேரு. பின்னால அல்லாம் பொண்ணுக்குத்தான்."

"வண்டி உங்க பேர்லதானே?"

"நம்ம பேருதான்."

"எவ்வளவு தூரம் போகும்?"

"பாலைவனத்துக்கே போவும்! இந்தப் பக்கம் வாங்க." பின்சீட்டைத் தூக்கினார். "அங்க ஒரு டாங்கி. இங்க ஒண்ணு. ரெண்டும் ரொம்பி வழியுது. மோந்து பாருங்க."

குடைக்காரர் மோந்து பார்த்தார். "இவ்வளவுக்கும் கூப்பன் எப்படி?"

லாரி இருமும் வீட்டிலிருந்து வந்தவரல்லவா, இந்தக் கேள்வியைத்தான் கேட்பார் என்று கோதண்டத்துக்குப் பட்டது. கையாலாகாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. "கூப்பன்லாம் ஊருக்குங்க. நமக்கு வேணும்னா சொன்னாப் போதும், வாசல்ல வந்து எறங்கும். நாளைக்கு நமக்கு வேண்டியவங்க யாருக்குன்னாலும் சரி."

"யார் கொண்டுவந்து இறக்குவாங்க?"

"லாரிக்கார நாகேந்திரன். செவ்வாக்கிழமை ஆனா வருவான்."

குடைக்காரர் இரண்டு பக்கம் எழுதினார். எழுத எழுதக் கோதண்டத்துக்கு உற்சாகம் ஏறியது. வாங்க, ஒரு சுத்து போகலாம் என்று அவரை ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் ஏரிக்குள் இறக்கினார். சித்திரை வெயிலில் ஏரி மேலே காய்ந்து வெடித்திருந்தது, அடியில் சேறு. பாலைவனத்துக்கென்றே செய்த வண்டி நடு ஏரியில் நான்கு சக்கரமும் புதைந்து உட்கார்ந்தது. பலகைகளை எடுத்துப் போட்டார்கள். பலகைகளும் புதைந்தன. ஏழு எருமைகளும் உஸ்மான் கனியும் சேர்ந்து இழுத்தபோது மணி இரண்டு.

வீட்டு வாசலில் இறங்கிய குடைக்காரருக்கு இடுப்புக்குக் கீழே சேறு. குடை ஏரியிலேயே நின்றுவிட்டது. குலுங்கிய குலுக்கலில் கை இரண்டும் நிற்காமல் நடுங்கின. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வாரத்து ரேஷன் சர்க்கரை முழுவதையும் கொட்டிக் கிளறிய கேசரியை வடிவு கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம், நான் சாப்பிடக் கூடாது" என்றார் அவர். ஆனால் கண்கள் தட்டைவிட்டு நகரவில்லை.

"அதான் அல்லாம் பாத்துட்டீங்களே, இன்னும் இன்னாங்க கீது?" என்றாள் தாட்சாயிணி.

அவர் நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். "ஆமாம். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைச்சுது" என்று சொல்லிக் கரண்டியை எடுத்தார். கரண்டி வாய்க்குப் போகாமல் காதுக்குப் போயிற்று. கோதண்டமே அதை வாங்கி, குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொரு வாயாக ஊட்டினார். தட்டு காலியானது. தாட்சாயிணி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நாலு பேரோட வர்றேன்" என்றார் குடைக்காரர், எழுந்து.

"நாலு பேரு இன்னாங்க, நாப்பது பேரோட வாங்க!"

அவர் ஸ்டேஷன் பக்கம் நொண்டிக்கொண்டே மறைந்தார். கோதண்டம் மனைவியிடம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, நல்ல மனுசன்னு" என்றார்.

அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து, மோர்ப்பானையைக்கூட மூடாமல், வேம்புலியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணாத்தே! நெமிலிச்சேரி மாப்பிள்ளையோட அப்பாரு இம்மா நேரமும் எங்கிட்டதான் மோர் குடிச்சிகினு குந்தினு இருந்தாரு. 'மூணு வருசமா நம்மள வாசப்படி ஏத்தாத பெட்ரோல் ஆபீசருக்குக் கேசரி ஊட்டி வுடற ஆளு ஊட்டுல பொண்ணு எடுக்காம எங்க எடுக்கறது'ன்னு, வர்ற வெள்ளிக்கிழமையே தட்டு மாத்திக்கலாம்னு சொல்லிட்டு இப்பத்தான் பூட்டாரு!"