பால் புட்டியும் நெட்வொர்க் கார்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் மெயில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் மருமகள் இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. நீயும் அண்ணியும் நலமென்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து, வீட்டிலிருந்தபடியே வேலையில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. எங்கள் ஸ்கேன் சென்டரில் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். படம் திறக்க நேரமாகிறது என்று டாக்டர்கள் முணுமுணுக்க, விற்பனையாளர் ஒருவர் வந்து, "சர்வருக்கு நூறு கிகாபிட் நெட்வொர்க் கார்டு போடுங்க சார், படம் பறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பெரிய டாக்டருக்கு அந்தப் 'பறக்கும்' பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அளந்தேன். இருக்கிற பத்து கிகாபிட் கார்டே தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. ஹார்டு டிஸ்க்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நோய் டிஸ்குக்கு, மருந்து கார்டுக்கா?

இதை எளிமையாக விளக்கலாமென்று நேற்று வீடியோ மீட்டிங்கில், இவளை மடியில் வைத்துக்கொண்டே, "புட்டியில பால் இருந்தாத்தானே சார் வரும்? நிப்பிள் ஓட்டையை மட்டும் பெருசாக்கி என்ன பண்றது?" என்றேன். பெரிய டாக்டர் பதறிப்போய், "அய்யோ, மொதல்ல குழந்தைக்குப் பால் குடுங்கம்மா, கார்டை அப்புறம் பாத்துக்கலாம்" என்று மீட்டிங்கையே முடித்துவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சென்டர் வரவேற்பு அக்கா உடனே போன் செய்து, "ஏண்டி, மூளையை லீவுலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்றது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறார். வேண்டுமா, வேண்டாமா என்று அதற்குமுன் நான் சொல்லியாக வேண்டும். தப்பாகிப்போனால், பிள்ளை பெற்றவளுக்கு இந்த வேலை இனி சரிப்படாது என்று முடிவே கட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றே சொல்லப்போகிறேன்; அளந்தது என் கையில் இருக்கிறது. நீ நூறு சர்வரைக் கட்டி மேய்ப்பவன், "சரிதான்" என்று ஒரு வரி எழுதினால் தெம்பாக இருக்கும்.

அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை

பி.கு.: உனக்கு அனுப்பலாமென்று அந்த அளவுகளைத் திறந்தேன். மேலே தேதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. இவள் பிறந்த பிறகு எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். அன்று சென்டரே பூட்டிக்கிடந்தது. கார்டு ஏன் ஓடும்? டிஸ்க் மூச்சு வாங்கியது, எல்லாப் படங்களையும் நகலெடுத்து வைக்கும் வாராந்தர பேக்கப்புக்காக. மேலே எழுதியதில் உறுதியானது உன் மருமகள் தூங்குகிறாள் என்பது மட்டும்தான். இப்போது அதுவும் இல்லை. "மறுபடி அளக்க இரண்டு நாள் குடுங்க" என்று கேட்டுவிடட்டுமா? ஒன்பது மணிக்குள் பதில் போடு, அண்ணா.