படத்தில் விழாத மாலை

மதிப்பிற்குரிய சம்பந்தி வன்னியராஜ் அவர்களுக்கு, திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் கடைத்தெருவிலிருந்து வேல்சாமி கும்பிட்டு எழுதுவது. பழவங்காடிப் பிள்ளையார் புண்ணியத்தில் நான், மகன் மகாராஜா, உங்கள் மகள் கலைச்செல்வி மூவரும் சுகம். சங்கரன்கோவிலில் இருக்கும் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். போன வருஷம்வரை நான் கைநாட்டு. எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே கோபப்படுங்கள்.

விஷயம் அந்தப் பத்திரிகைப் படம். கல்யாணமான வருஷமே மருமகளை ஆடிக்கு அனுப்பவில்லை என்று நீங்கள் ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கிறீர்கள். அப்போது பார்த்து மலையாளப் பத்திரிகையில் அவள் தலைதெறிக்க ஓட, மாமனார் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் துரத்துவதைக் கண்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் பதறாது? "எம்புள்ளைய அடிச்சு வெரட்டுதானா? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று நீங்கள் லாரிக்காரரிடம் சொல்லியனுப்பியதில் தப்பே இல்லை. ஆனால் என் கையில் இருந்தது கம்பு இல்லை, மாலை. அது படத்தில் விழவில்லை.

கல்யாணத்தன்று இனி அவளுக்கு ஓட்டப்பந்தயம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்கு நானும் தலையாட்டியவன்தான். அவள் வந்த வாரமே நான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு கிழக்கேகோட்டையில் வித்துரா போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒன்றரை மைல் தள்ளிப் பஸ் பாளையத்தில் நிற்கிறது, ஜன்னலுக்கு வெளியே மருமகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடியை நீட்டுகிறாள், அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை, பார்த்த கண்டக்டருக்குத்தான் வாங்கியது. அன்று சாயங்காலம் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த திருநெல்வேலி ஜில்லா மெடல்களைக் காட்டினாள். இதைப் பூட்டிவைக்க மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள். நான்தான் அவளை ஓட்டப்பந்தயக் கிளப்பில் சேர்த்தேன். சங்குமுகம் கடற்கரையில் அவள் ஓட, நான் சைக்கிளில் பின்னால் போவேன், தினமும் சைக்கிள்தான் தோற்கும். மாநிலப் போட்டி ஆடியில் வந்து நின்றது. அதனால்தான் அனுப்பவில்லை.

பத்தாயிரம் மீட்டர். பதினோரு பெண்கள் வட்டமாக ஓடுகிறார்கள். வட்டத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று எப்படிச் சொல்வது? கோட்டருகே ஒரு பலகை இருந்தது. இப்போதெல்லாம் கண்ணில் பட்டதைப் படித்துவிடுகிறேனே, படித்தேன். மருமகள் கடந்து போகையில் இருபத்துநாலு என்று மாட்டினார்கள். பதினோரு பேரில் இவள் எப்படி இருபத்துநாலாவது ஆவாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சண்டை பிடித்தேன். அடுத்த தடவை இருபத்துமூன்று. சரி, ஏறி வருகிறாள் என்று சமாதானமானேன். பத்து வந்தபோது துண்டை வீசினேன், ஐந்து வந்தபோது சண்டை போட்டவரையே கட்டிப்பிடித்தேன். ஒன்று வந்ததும் மணியும் அடித்தார்கள், தீபாராதனைக்கு அடிப்பதுபோல. முதலிடம்! இதற்குமேல் என்ன வேண்டும் என்று பழவங்காடியில் வாங்கிய மாலையோடு வேலி தாண்டிக் குதித்துவிட்டேன். பலகை சொல்வது பாக்கி இருக்கிற சுற்றுக் கணக்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"மாமா, இன்னும் ஒரு சுத்து இருக்கு, தள்ளிக்கிடுங்க" என்று என் கைக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். அந்தக் கடைசிச் சுற்றை அவள் ஓடியதுபோல அந்த மைதானத்தில் யாரும் ஓடியதில்லையாம். முதலாவதாக வந்தாள். ஆனால் இரண்டாவது வந்த பெண்ணின் கோச் விடவில்லை. கிழவர் கூடவே ஓடி வேகம் ஏற்றிவிட்டார், இது வெளியாள் உதவி, மெடல் கொடுக்கக் கூடாது என்று நின்றார். எனக்கு அப்போதுதான் உயிர் போனது, சம்பந்தி. பெரிய அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது சகாயமல்லடே, உபத்ரவமா" என்று தீர்ப்புச் சொன்னார். என்னை உபத்திரவம் என்று ஒருவர் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. மெடல் அவளுக்கே.

ஆகவே மனக்கசப்பு வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு மருமகளை நானே கொண்டுவந்து உங்கள் வாசலில் விடுவேன், இது சத்தியம். மெடலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதன்பிறகும் ஓட வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தால் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு, வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு, யாரையும் கேட்காமல் தானே எழுதிய
வேல்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கலைச்செல்வி வந்தாள். தேசியப் போட்டிக்கு அவளை எடுத்துவிட்டார்கள். ஓட்டம் ஆடிப் பதினெட்டன்றே, பெங்களூரில். ஆகையால் அவள் வரமாட்டாள். நான் உடனே மாலை வாங்கக் கிளம்பினேன். "மாமா, அன்னைக்கு நீங்க பெங்களூர்ப் பக்கமே வரப்பிடாது. எனக்குப் பதிலா எங்கப்பா வீட்டுக்கு ஆடிக்குப் போயிட்டு வாங்க" என்றாள். எனவே நீங்கள் அழைத்துப்போக வர வேண்டாம், நானே வருகிறேன். மாலையும் கொண்டுவருகிறேன். போடும்போது நீங்களாவது ஓடாமல் நில்லுங்கள்.