மூன்றாம் தூண்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலில் நிற்கும் ஓர் இரும்புத் தூண் நாளை மடங்கிவிடும் என்று கணினி சொன்னால், அதை எவ்வளவு நம்புவது? எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக இதே வேலையைப் பார்க்கிறவள் இப்படி எழுதுவது வெட்கக்கேடு. நீ நலமா, முழங்கால் வலி குறைந்ததா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். நான் நலமில்லை. பயந்துபோயிருக்கிறேன்.

போனில் சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருப்பார். விஷயமே அவரைப் பற்றியது. அதனால் இதை அவருடைய காலிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து அனுப்புகிறேன். கழுவ வேண்டிய பாத்திரத்தை அவர் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் எங்கள் துறைமேடையை இருபத்து நான்கு இரும்புத் தூண்கள் வரிசையாகத் தாங்குகின்றன. நாங்கள் ‘ஆமை’ என்று கூப்பிடும் முக்குளிப்பவர் கடலில் இறங்கி, ஒவ்வொன்றின் தடிப்பையும் அளந்து, வரிசை எண் போட்டு எழுதித் தருவார். அதோடு உப்பு, வெப்பம், அலை ஏறி இறங்கும் உயரம் எல்லாவற்றையும் சேர்த்து நான் கணினிக்குக் கொடுத்தால், எந்தத் தூணைத் துரு எவ்வளவு தின்றிருக்கும், எங்கே துத்தநாகக் கட்டி மாட்டினால் அதை நிறுத்தலாம் என்று அது சொல்லும். அந்தக் கட்டி, தூணுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும். நம் வீட்டில் அந்த வேலையை நீ பார்த்ததால் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்று காலை மூன்றாம் தூண் திரையில் சிவப்பாக வந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்த இரும்பில் மூன்றுகூட மிச்சமில்லை. கிரேன் கரையிலிருந்து மேடை ஏறியதும் முதலில் மிதிக்கிற இடம் அது. நாளைக் காலை கப்பல் வருகிறது. கிரேனை ஓட்டப்போகிறவர் உன் கணவர்.

உடனே மேலாளரிடம் ஓடினேன். “விழும்ங்கிறதுக்கு எத்தனை சதவீதம் மேடம்?” என்றார். அறுபது என்றேன். “அப்ப நாப்பது நம்ம பக்கம்தானே! வேணும்னா ஆமையை நாளைக்கு இன்னொரு தரம் அளக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார், அதைக் குடிக்காமலே எழுந்து அத்தானிடம் போனால் அவர் கிரேன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, “என்னம்மா, உன் பெட்டி எனக்கு ஜோசியம் பாக்குதா? இருபத்தாறு வருசமா இது மேல ஏறுறேன், ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கா? உங்கக்கா மாதிரியா?” என்று சிரிக்கிறார், சுற்றி நின்றவர்களும் சிரிக்கிறார்கள், சரி, தூணை நானே பார்த்துவிடுவோம் என்று மேடை விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன், தூண் தெரிவதற்குள் மூக்குக்கண்ணாடி கடலில் விழுந்துவிட்டது. இப்போது பழைய கண்ணாடியில் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

என் அறை துறைமேடையின் கடல்முனையில் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்தால் உருண்டு ஜன்னல் பக்கம் ஓடுகிறது. நான்கு முறை பிடித்துவிட்டேன். பயம் மேசைக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

எனக்கு என் கணக்கின் மேலேயே முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் அது தப்பாக இருக்க வேண்டும் என்று இன்றுதான் முதல்முறை வேண்டிக்கொள்கிறேன். நீ ஒன்று செய். காலையில் தலைசுற்றுகிறது என்று படுத்துவிடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல். பொய் என்று தயங்காதே. என் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தவள்தானே நீ.

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் என் அன்பு. அத்தானுக்கு வணக்கம் சொல்லாதே. நான் எழுதியது தெரிந்துவிடும்.

உன் தங்கை

பி.கு.: மறுநாள் எழுதுகிறேன். நேற்று நான் எழுதி முடிப்பதற்குள் அத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடிதம் என் பையிலேயே தங்கிவிட்டது.

காலை பத்து மணிக்குக் கிரேன் மேடை ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அத்தான் தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அளப்பதற்காகப் படகில் வந்த ஆமை, “மூணாவது தூணைப் பாக்கணும்னுட்டு எல்லாரும் ஏன் மேடம் அங்க போய் நிக்கறீங்க? அது இந்தக் கடல் கோடியிலதானே இருக்கு!” என்று கத்தினார். படகில் வருகிறவர் கடல் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். நான் கரைப் பக்கத்திலிருந்து எண்ணிக் கணினிக்குக் கொடுத்திருக்கிறேன். அவருடைய மூன்றாம் தூண், என் அறைக்கு நேர் கீழே. இறங்கிப் போய்ச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

கணக்கு சரி அக்கா. ஆள்தான் மாறிவிட்டது.

மதியத்துக்குள் அறையைக் காலி செய்தார்கள். யார் தடுத்தும் கேட்காமல் அத்தான்தான் உள்ளே போய்க் கணினியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். கரையில் வைத்த பிறகு, “இதுக்கு ஒரு துணி போட்டு மூடி வைம்மா, தூசி படும்” என்றார்.

தலைசுற்றல் வேண்டாம். இதைக் கரையிலுள்ள கிடங்கில் ஒரு பழைய மேசையில் எழுதுகிறேன். பேனா வைத்த இடத்திலேயே இருக்கிறது.