தம்பியின் முப்பத்தோராம் நாளும் மின்வழங்கற் கையேடும்

எங்கள் குடும்பத்தில் இக்கதை ஒவ்வொரு விருந்திலும் வளர்ந்து வருகிறது. அண்மையில் மிசிசாகாவில் நிகழ்ந்த ஒரு பிறந்தநாள் விழாவில், நான் ஓர் ஊர் முழுவதையும் இருளில் ஆழ்த்தினேன் என்று என் முன்னிலையிலேயே சொல்லப்பட்டது. கேட்டோர் நம்பினர். உண்மையில் இருண்டது ஒரு வீடு மட்டுமே. அதனை நானே எழுதிவைக்காவிடின் அடுத்த விருந்துக்குள் மாகாணமே இருண்டுவிடும் என்றஞ்சி இதனை எழுதுகிறேன்.

என் தம்பி சிவநேசன் கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வீடு வாங்கியிருந்தான். கடும் பனிக்காலத்தில் மாரடைப்பால் இறந்தான். நான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டிலுள்ள என் தொடர்மாடி வீட்டைப் பூட்டிவிட்டு, அவன் மனைவி கமலாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். துணை என்பது என் சொல். அவள் தேநீர் போட்டாள், நான் குடித்தேன்.

துயர வீட்டில் நூல் எதிலும் மனம் பதியவில்லை. சமையலறை இழுப்பறையில் கிடந்த மின்வழங்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கையேடே என்னைத் தாங்கியது. அச்சிற்றூரின் மின்சாரம் முதலாளி எவருக்கும் உரியதன்று. அதனைப் பாவிக்கும் மக்களே அதன் உரிமையாளர் என்று முதற்பக்கம் கூறிற்று. தம்பி ஏன் போனான் என்பதற்கு எவரிடமும் விளக்கம் இல்லை. மரக்கிளை மின்கம்பியிற் சாய்ந்தால் என்செய்வது என்பதற்கோ தெளிவான விளக்கம் இருந்தது. உணவு வேளைகளில் அதனைக் கமலாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ("அத்தான், உந்தப் புத்தகத்தை அவர் அப்பவே குப்பையிலை போடச் சொன்னவர்" என்றாள்.)

முப்பத்தோராம் நாட் கிரியைகள் பகலில் முடிந்தன. மாலையில் பிரார்த்தனை. தம்பியின் ஒரே மகள் மதுரா யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். விசா மறுக்கப்பட்டதால் தந்தையின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. திரையில் தோன்றி அவருக்காக ஒரு தேவாரம் பாடுவதே அவளுக்கு எஞ்சியிருந்த கடமை. உறவினரும் அயலவரும் தரையில் அமர்ந்திருக்க, அவள் கண்களை மூடி, மூச்சை இழுத்தாள். வீடு இருண்டது. திரையும் அணைந்தது.

நிலக்கீழ் அறையில் சமையலை நடத்திய என் மைத்துனன் குணம் படியேறி வந்தான்.

"அத்தான், மெயின் பிறேக்கர் விழுந்து கரண்ட் நிண்டிட்டுது போல. றைஸ் குக்கர், தேத்தண்ணிப் பானை, ஹீற்றர் எல்லாம் ஒரேயடியா ஓடினது."

"பொறும் குணம். முதலில் அயல் வீடுகளைப் பார்க்க வேண்டும். அங்கும் வெளிச்சம் இல்லையாயின் பழுது நம்முடையதன்று. கையேட்டில் இருக்கிறது."

"கையேட்டிலை இருக்கட்டும். நான் ஒருக்காப் போய்ப் பாக்கிறன்."

"இருட்டில் விழுந்து காலை முறிப்பீரோ? இரும்."

யன்னலால் நோக்கினேன். இருபுறத்து வீடுகளும் கரியாய் நின்றன. வாழ்நாளில் அத்துணை உறுதியாக எதனையும் நான் அறிந்ததில்லை.

அவ்வீட்டில் கமலாவின் கைப்பேசி ஒன்றுக்கே தொடர்பு கிடைக்கும். அதுவும் வாசற்படியில் நின்று பேசுமளவே. அதனை வாங்கி நிறுவனத்தை அழைத்தேன். ஆட்கள் வருகிறார்கள், தேவையாயின் திருப்பி அழைப்பார்கள் என்றனர்.

"போனைத் தாங்கோ அத்தான். பிள்ளைக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தாறன்."

"அவர்கள் அழைப்பார்கள், கமலா. இணைப்பை அடைத்து வைக்கலாகாது."

அவள் உள்ளே போனாள். குத்துவிளக்கின் ஒளியில் தம்பியின் படத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஒலிக்காத கைப்பேசியுடன் வாசலிற் குளிரில் விறைத்து நின்றேன். (உரிமையாளன் அல்லவா.)

ஒருவாறு வண்டி வந்தது. இறங்கிய பெண் தெருவை ஏறிட்டு நோக்கி, எந்தெந்த வீடுகளில் மின்சாரம் இல்லை என்று வினவினாள். இரண்டு வீடுகளையும் சுட்டிக்காட்டினேன். பின்னால் தம் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்த பீற்றர் என்னும் முதியவர் இருமினார்.

"அது என் வீடு. இங்கே வரும்போது நான்தான் விளக்குகளை அணைத்துவிட்டு வந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். பின்பு கூடத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த தம்பதியரைக் காட்டினார். "மற்றது இவர்களுடையது."

சாவீட்டுக்கு அயலார் அனைவரும் வந்து அமர்வர் என்பதைக் கையேடு எழுதியவர் அறிந்திருக்க நியாயமில்லை. நான் அறிந்திருக்கலாம். அதற்குள் குணம் கீழே இறங்கிப் பிறேக்கரைத் தூக்கிவிட்டான், வீடு ஒளிபெற்றது.

இணைப்பு மீண்டபோது திரையில் மதுரா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாடி முடிச்சிட்டுத்தான் கண்ணைத் திறந்தனான். முழுக்கக் கேட்டதோ பெரியப்பா?"

நான் வாய் திறக்குமுன் கமலா முந்தினாள்.

"கேக்கேல்லை பிள்ளை. பெரியப்பா ஹைட்ரோக் கரண்டுக்காரரோடை கதைச்சுக்கொண்டு நிண்டவர். இன்னொருக்காப் பாடு."

பாடினாள். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. மூன்றாம் அடியில் நின்றுவிட்டது. கமலாவே எஞ்சியதைப் பாடி முடித்தாள்.

இன்றும் எங்கள் உறவினர் வீடுகளில் மின்சாரம் நின்றால், "பக்கத்து வீட்டுச் சனம் எங்கை, எங்கடை வீட்டு ஹோலுக்கையோ?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், கமலாவும் சிரிப்பாள். மதுரா தொலைபேசியில் இருந்தால் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.

முதுமையில் நினைவு பிசகும். அன்று அங்கிருந்தோர் இதனை வாசிப்பின், நிகழ்ச்சியிலோ முறையிலோ காணும் பிழைகளைத் திருத்தி எனக்கு எழுதுமாறு வேண்டுகிறேன். அப்பிள்ளை முதன்முறை பாடியதைக் கேட்டவர் எவரேனும் யாழ்ப்பாணத்தில் இருப்பின், அது எவ்வாறிருந்தது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.