டாங்குக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

படிப்பு குறைந்தால் வீம்பும் குறையவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்றாம் கிளாஸோடு நின்ற நான், என் மகள் லலிதாவின் கம்ப்யூட்டரில் கை வைத்தது அந்தத் தைரியத்தில்தான்.

நாலு வருஷம் முன்பு, மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் எங்கள் ஆத்து வாசலிலேயே வழுக்கி விழுந்து, அவளுக்கு வலது கையில் மாக்கட்டு. காஸ் நிரப்புகிற இரும்பு டாங்க் அழுத்தம் தாங்குமா என்று கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. அன்றைக்குப் பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே வீடியோவில் நடக்கிற மீட்டிங்கில் எல்லாம் சரியாக வந்தால்தான் வேலை நிரந்தரம்.

"டாங்கைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சிருக்கும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் உண்டு. நீலம்னா வெளியே பாக்கறது, தவிட்டு நிறம்னா உள்ளே பாக்கறது. முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அழுத்தம் தள்ளும். தவிட்டு நிறத்தை எல்லாம் தொட்டுத் திருப்பணும். இடது கையால எனக்கு வரலை."

"புடவைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதவளாடி நான்? நகரு."

(நகர்ந்தாள். நகர்ந்திருக்கக் கூடாது.)

ஒன்றரை மணி நேரம் திருப்பினேன். டாங்க் முழுக்க நீலம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி. இத்தனை பேர் பார்க்கப்போகிறார்களே என்று மனசு கேட்கவில்லை. அடிப்பக்கமாக, சட்டென்று கண்ணில் படாத இடத்தில், ஒரே ஒரு துண்டைத் திருப்பாமல் விட்டேன். திருஷ்டிப் பொட்டு.

மீட்டிங்கில் அழுத்தம் கொடுத்ததும் டாங்க் சீராக வெளியே உப்பியது. அடியில் ஓர் இடம் மட்டும் உள்ளே குழிந்து போயிற்று.

"இதெந்தா லலிதே?" இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார் பெரிய அதிகாரி.

"தெரியலை சார்."

கதவருகே நின்ற நான் பேசாமல் அடுக்களைக்குப் போய்விடலாம்தான். ஆனால் வேலை அவளுடையது. காமிரா முன்னால் போய் நின்றேன்.

"அது நான் வெச்ச பொட்டு சார். கண்ணு படாம இருக்க வெச்சது. அவ மேல தப்பில்லை."

மீட்டிங்கில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மே, அந்தப் பொட்டை அழிச்சுடுங்கோ" என்றார். அழித்தேன். மறுபடி ஓட்டினார்கள், குழியைக் காணோம். ஒரு சொம்பு மோர் உள்ளே போன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று.

இப்போது அந்த ஆபீசில் யார் டாங்க் சோதித்தாலும் முதல் கேள்வி, "பொட்டு நோக்கியோ?" அதாவது, பொட்டைப் பார்த்தாயா? போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அது எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று போனில் கேட்டாள். லலிதா போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.