மெட்ரிகுலேஷனுக்கு அர்த்தம் கேட்ட கங்கா

கோலா சிலாங்கூர்,
புதன்கிழமை.

அன்புள்ள பிரேமலா அக்காவுக்கு,

தம்பி சேது வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தெய்வ அருளால் இங்கே மூவரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இதைப் படித்ததும் காடியை எடுத்து ஓட்டிவரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் இருக்க இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். என் கைப்பேசியை என்னைவிட அதிகம் பார்ப்பவள் கங்கா. விஷயமே என் பெண்டாட்டியைப் பற்றியதுதான்.

நம் தனுஜாவுக்கு வடக்கே கெடா மாநிலத்தில் மெட்ரிகுலேஷன் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தராவிட்டால் இடம் போய்விடும். எல்லாம் கூடிவந்த நேரத்தில் கங்கா, "அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு என்றேன். "அது படிப்பு. நான் கேக்குறது வார்த்தைய. அர்த்தம் தெரியாத எடத்துக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றுவிட்டாள். மார்க்கெட்டில் பெயர் தெரியாத மீனையெல்லாம் வாங்கிவந்து குழம்பு வைக்கிறவள் இவள். தனுஜா, "எல்லாரும் போறாங்க லா, மா" என்றதற்கு, "எல்லாருக்கும் நானா அம்மா?" என்று ஒரே போடாகப் போட்டாள். மகளைப் பிரிய மனமில்லை என்று நேராகச் சொல்ல அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் மனமில்லை அக்கா, ஆனால் கிடைத்ததை விட்டால் மறுபடி வருமா?

அர்த்தம்தானே, கேட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டுத் திருச்செல்வத்தைக் கூப்பிட்டேன். மனுஷன் போன வருஷம்தான் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிவிட்டு வந்தார். "அங்க ஸ்கூல் போர்டுலயே மெட்ரிகுலேஷன்னு போட்டிருக்கான். மூணு வயசுப் பிள்ளைங்க தண்ணி போத்தல மாட்டிக்கிட்டுப் போவுது" என்று சொல்லி, காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். கங்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தேனா? என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிற பெர்னாட்டை அழைத்துவந்தேன். சர்ச்சில் பாடுகிறவர், லத்தீன் அரைகுறையாகத் தெரியும். "சிஸ்டர், அது லத்தீன்லேர்ந்து வந்தது. பேர் எழுதுற பதிவேடுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல யுனிவர்சிட்டில சேர்றதுன்னா அதுல பேர் ஏறணும்" என்றார். கங்காவின் முகம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? "அந்த வார்த்தைக்கும் அடியில போய்ப் பார்த்தா அம்மான்னு வருது" என்றார். தீர்ந்தது கதை. "அம்மா பேர வச்சிக்கிட்டே அம்மாகிட்டேர்ந்து பிள்ளையப் பிரிக்கிறாங்களா?" என்று அடுப்படிக்குப் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. தனுஜா கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பெர்னாட் முறுக்குத் தின்கிறார்.

ஆகையால் அக்கா, கங்கா யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது உங்கள் பேச்சைத்தான். நாளைக்கே கிளம்பி வாருங்கள். பெர்னாட் காலையில் உங்கள் ஊர் பத்தாங் காலிப் பக்கம் வருகிறார், கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாமல் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வழி தெரியாமல் நிற்கும் தம்பி,
சேது

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம் அக்கா. எழுதியது வீணாகக் கூடாதே என்றுதான் அனுப்புகிறேன். உறையை ஒட்டும் நேரத்தில் கங்கா வெளியே வந்து, "பதிவேடுன்னா, ரப்பர் தோட்டத்துல கிராணி காலையில வேலையாளுங்க பேர் கூப்புடுற செக்ரோல் மாதிரிதானே?" என்று பெர்னாட்டைக் கேட்டாள். அதே மாதிரிதான் என்றார். உடனே தனுஜாவின் கதவைத் தட்டி, கணினியைத் திறக்கச் சொல்லி, ஒப்புதல் பொத்தானைத் தானே அழுத்திவிட்டாள். திடீரென்று எப்படி மனம் மாறியது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மாவுக்குப் பதிமூணு வயசுல செக்ரோல்ல பேரு ஏறிச்சு. பால்மரக் காட்டுக்குப் பிள்ளைய எதுக்கு அனுப்பணும்னு அப்ப யாரும் ஒரு வார்த்த கேக்கல. இவளுக்காக நான் கேட்டேன். கேட்டாச்சு, போயிட்டு வரட்டும்."