கடைசி பெஞ்சு ஓட்டு

கடப்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனன் ஜான்சனுக்கு,

மாமா தாவீது எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இவ்விடம் நான் சுகம். மெல்போர்னில் நீயும் ஜாய்ஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் அக்கா சாராளும் சுகம் என்றே எழுத வேண்டியிருக்கிறது. கல்லறைக்குப் போய் இத்தனை வருஷம் கழித்தும் சபைத் தேர்தலில் தவறாமல் ஓட்டுப் போடுகிறாள் என்றால் வேறு என்னவென்று எழுதுவது, நீயே சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கடல் தின்றுவிட்டது. கடைசி வரிசையில் உன் அக்கா. அவளுக்கும் அலைக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற இடம்தான் பாக்கி, ஐப்பசி மழை வந்தால் அதுவும் போய்விடும். எல்லாரையும் ரோட்டுக்கு மேற்கே மேட்டு நிலத்துக்கு மாற்றவேண்டும் என்று சாமும் அன்பரசி டீச்சரும் தனித்தனியாகச் செயலாளர் பதவிக்கு நின்றார்கள். படுத்தவங்களைத் தோண்டக் கூடாது என்று எசேக்கியேல் நின்றார். மாற்றவேண்டும் என்பவர்கள்தான் சபையில் அதிகம், ஆனால் அந்த ஓட்டு ரெண்டாய்ப் பிளந்ததில் எசேக்கியேல் ஜெயித்துவிட்டார். அதுதான் நம்ம நாட்டு முறை, அதிகம் வாங்கினவன் ராஜா. அதுல நல்லது இன்னான்னா, டீ ஆறுறதுக்குள்ள எண்ணி முடிச்சிடலாம். கெட்டது இன்னான்னா, பாதிக்கு மேல வேணாம்னு சொன்ன ஆளே நாற்காலியில வந்து குந்திக்குவாரு.

அந்த ஆத்திரத்துலதான் உனக்கு போன் போட்டேன். நீயும் படிச்ச புள்ளையாச்சே, உங்க ஊரு முறையை வாட்சப்புல பேசி அனுப்பின. ஒண்ணு ரெண்டு மூணுன்னு விருப்பத்தை வரிசையா எழுதணும், கடைசியா வந்தவரைத் தூக்கிட்டு அவரு ஓட்டை அடுத்த விருப்பத்துக்குக் குடுக்கணும், அப்ப ஓட்டு பிளக்காது. ஆயர் ஐயாவைக் கெஞ்சி அந்த முறையில மறுதேர்தல் வெச்சு, நானே மைக்கைப் புடிச்சு விளக்கினேன். அப்டி விளக்கியும் சந்திரம்மா எல்லாருக்கும் நூத்துக்கு மார்க்கு போட்டு வெச்சிருக்கு. டீச்சருக்கு நாப்பது, சாமுக்கு முப்பத்தஞ்சு, எசேக்கியேலுக்கு பன்னெண்டு. ஏம்மான்னு கேட்டா, "அவரு பெயிலு நைனா"ன்னுது. இந்த முறையில நல்லது, யாரு ஓட்டும் வீணாவாது. கெட்டது, சொல்லிக் குடுக்கிறவன் வீணாப் பூடுவான்.

சிரிச்சது அதோட சரி மச்சான். ஓட்டு வாங்க நம்மகிட்ட பெட்டி ஏது? காணிக்கைப் பையைத்தான் பெஞ்சு பெஞ்சா கைமாத்தி வுட்டோம். நல்ல உச்சி வெயிலு, ஃபேன் ஓடிக்கினு கீது. கடைசி பெஞ்சு காலி. அங்க யாரும் இல்லையேன்னு பையை வாங்கத் திரும்புறேன், அதுபாட்டுக்குக் காலி பெஞ்சு மேல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்க்கினு கீது, நின்னு நின்னு, ஒவ்வொருத்தர் முன்னாடியும் நிக்கிற மாதிரி. திரும்பி வந்தப்ப சொட்டச் சொட்ட ஈரம். பிரிச்சா, வந்த ஆளை வுட சீட்டு ஜாஸ்தி. ஈரச்சீட்டு அத்தினியிலயும் மணலு, அத்தினியிலயும் எசேக்கியேலுக்கு ஒண்ணு, ரெண்டாவது மூணாவது காலி.

ஆயர் ஐயா சட்டப் புஸ்தகத்தைப் பிரிச்சாரு. சந்தா கட்டினவங்களுக்கு ஓட்டு உண்டு, அவ்ளோதான் போட்டுக் கீது, உசுரோட இருக்கணும்னு எங்கயும் போடல. நம்மாளுங்க பயக்கம்தான் உனக்குத் தெரியுமே, செத்தவங்க சந்தாவை நிறுத்தினா பேரை அடிச்சிடுவாங்க, யாருக்கு மனசு வரும்? நானே உங்க அக்காவுக்கு வருசம் தவறாம கட்டறேன். எசேக்கியேலு மீசையைத் தடவிக்கினு, "சட்டப்படி செல்லும் அண்ணாத்த"ன்றாரு. நானே அவளுக்கு ஓட்டு வாங்கிக் குடுத்து, நானே அவகிட்ட தோத்துட்டேன், இந்தப் பேஜாரை எங்க போய்ச் சொல்றது?

சாம் வுடல. அப்ப விகிதாச்சாரம் வெச்சுக்கலாம், மாத்தணும்னு எத்தினி பங்கு ஓட்டு வுழுதோ அத்தினி பங்கு கல்லறையை மாத்தலாம்னான். அதுல நல்லது, தோத்தவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். உடனே அன்பரசி டீச்சர் எழுந்து, "அப்ப எங்கப்பா மேட்டுக்கு, எங்கம்மா கடலுக்கா?"ன்னாங்க. கடைசி பெஞ்சுலேர்ந்து தண்ணி சொட்ற சத்தம்.

ஆகவே மச்சான், உன் கால்ல வுழாத குறையாக் கேக்கறேன். உலகத்துல எத்தினியோ தேர்தல் முறை கீதே, நாம ஜெயிக்கிற மாதிரி ஒண்ணு பார்த்து அனுப்பு. நியாயமான முறையா இருந்தா நல்லது, இல்லாட்டியும் பரவால்ல. உங்க அக்காவைக் கடல் கொண்டுபோறதைப் பார்த்துக்கினு என்னால உசுரோட இருக்க முடியாது.

ஜாய்ஸுக்கு என் அன்பு, பிள்ளைங்களுக்கு முத்தம். கர்த்தர் உங்க வூட்டு வாசக்காலைக் காத்து, மேசைக்குக் குறை வராமப் பார்த்துக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா தாவீது

பி.கு.: இதை ஒட்டறதுக்குள்ள ஆயர் மறுபடி கூப்புட்டாரு. பையும் வேணாம், சீட்டும் வேணாம், கை தூக்குங்கன்னாரு. உசுரோட கீறவங்கதானே கை தூக்க முடியும்? கல்லறையை மாத்தலாமா வேணாமா, அவ்ளோதான் கேள்வி. மாத்தலாம்னவங்க தூக்கினப்ப என் கை மடியை வுட்டு வர்ல. யாரோ அமுக்கிக்கினு இருந்தாங்க. வேணாம்னவங்க தூக்குங்கன்னதும் விருட்டுன்னு மேல போச்சு. மணிக்கட்டை ஒரு கை புடிச்சிருந்துச்சு மச்சான், ஜில்லுன்னு, மணலோட. கல்பாக்கத்துல வேலைக்குப் போறப்ப, ஸ்டாஃப் பஸ்சுக்கு ரோட்டைத் தாண்டச் சொல்லோ என்னைய அப்டிதான் புடிப்பா, என்னமோ எனக்குக் கண்ணு தெரியாத மாதிரி. பயம் வர்ல, அழுகைதான் வந்துச்சு. அந்த ஒரு கையிலதான் எசேக்கியேலு பக்கம் ஜெயிச்சுது. மேல எழுதினதெல்லாம் மறந்துடு, முறை எதுவும் அனுப்பாத. அவளுக்குக் கடல்தான் வேணும்னா அவ இஷ்டம். இந்தக் கடைசி வரிங்க கோணலா இருந்தா தப்பா எடுத்துக்காத, இடது கையில எழுதறேன். உங்க அக்கா இன்னும் வலது கைய வுடல.